தமிழ்99: பல வருடங்கள் தட்டிப் பார்த்த பிறகு

மொழிபெயர்ப்புதான் தொழில் என்பதால் நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவன் நான். முன்பு ரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பு முறை (ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும்), அப்புறம் பல வருடங்களாகத் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தளக்கோலம் இது, அதாவது கணினி விசைப்பலகையில் எந்த எழுத்து எங்கே என்ற அமைப்பு.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் என 31 எழுத்துக்கும் தனித்தனி விசை. உயிர்கள் இடக்கைக்கு; வ, ங தவிர மெய்கள் வலக்கைக்கு. கைகள் மாறி மாறி வேலை செய்வதால் விரல் களைப்பது குறைவு. ஷிப்ட் தேவைப்படுவது பெரும்பாலும் கிரந்த எழுத்துக்குத்தான்.

ஆனால் உண்மையான வேகம் வருவது தானியங்கிப் புள்ளியால் என்பேன். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும்: க, க என்றால் க்க. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படித்தான்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ‘தந்தை’ என்பதற்கு த, ந, த, ஐ என 4 தட்டு போதும். ரோமனில் (thanthai) 8 ஆகும். இன எழுத்துகள் சேர்ந்து வருவது தமிழில் அவ்வளவு இயல்பு. அந்த இயல்பையே கணினிக்குக் கட்டளையாக மாற்றியிருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பழைய தட்டச்சு இயந்திரத்தில் ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். இங்கே க, ஒ: சொல்கிற வரிசையிலேயே விரலும் போகிறது. ண-ன-ந, ர-ற குழப்பமும் எனக்குக் குறைந்தது, ஒவ்வொன்றும் தனி விசை என்பதால்.

குறைகள் இல்லாமல் இல்லை. ‘பப்பாளி’, ‘தத்துவம்’, ‘சசி’ போன்றவற்றில் முதல் எழுத்துக்குப் பின் அ தட்டித் தானியங்கிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். ர்க, ட்ச போன்றவற்றுக்குப் புள்ளியை ஆய்த விசையால் நாமே வைக்க வேண்டும். பின்னழிப்பு விசை (பேக்ஸ்பேஸ்) ஒரு மென்பொருளில் உயிர்க்குறியை மட்டும் அழிக்கும், இன்னொன்றில் முழு எழுத்தையும். இது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் வேகம் நிச்சயம் விழும்.

எப்போதாவது நாலு வரி எழுதுபவருக்கு ஒலிபெயர்ப்பே போதும். தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவர் மாறலாம். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் தமிழ்99 இருக்கிறது. விசைகளின் இடத்தை மனப்பாடம் செய்யும் முன்பே புள்ளி விதிகளைப் பழகிவிடுங்கள்.