சுட்ட பிறகும் அதிரும் 0.177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்: வாங்கலாமா?

பாரலை மடக்கி லோடு செய்யும் உள்நாட்டு ஏர் ரைஃபிள்கள் விலைக்கு மோசமில்லை. பத்து மீட்டரில் குறி நன்றாகவே கூடுகிறது. பெரிய குறை ஒன்றுதான்: குண்டு போன பிறகும் கன்னத்தில் ஒரு நடுக்கம். கொஞ்சம் அதிர்வது ஸ்பிரிங் துப்பாக்கியின் பிறவிக் குணம். அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். காது கொடுத்துக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

'கடகட' என்றால் ஸ்குரூ. முன்கட்டையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, டிரிகர் கார்டில் (விசையைச் சுற்றிய வளையத்தில்) ஒன்றோ இரண்டோ இருக்கும். மதுரை வெயிலில் மரக்கட்டை காய்ந்து சுருங்கும். கடையில் இறுக்கமாக இருந்த ஸ்குரூ சித்திரையில் லூசாகிவிடும். கழற்றி எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நீல நிறத் திரெட்லாக்கர் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, பல்வாஷரோடு பூட்டுங்கள். முறுக்கித் தள்ளினால் மரம் நசுங்கும். 20 குண்டு சுட்டபின் மறுபடி பாருங்கள்.

அடுத்து பாரல் மூட்டு. பாரலை முழுதும் மடக்கி ஸ்பிரிங் பூட்டிக்கொண்ட பிறகு, பாதி தூக்கி விட்டால் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தானாகத் தொங்கினால் மூட்டு போல்ட் லூசு. மூடிய பாரலின் பின்முனைப் பொருத்தின்மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டை வைத்து, குண்டு போட்டுச் சுடுங்கள். டிஷ்யூ பறந்தால் அங்கே காற்று கசிகிறது; அங்குள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) மாற்றுங்கள்.

'டம்' என்று முரட்டு அடி விழுந்தால் பிஸ்டன் (ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் உருளை) மெத்தையில்லாமல் முட்டுகிறது. குண்டுக்குப் பின்னால் அழுந்தும் காற்றுதான் அந்த மெத்தை. மிக லேசான குண்டு, பாரலுக்குள் தொளதொளவென்று போகும் குண்டு, தேய்ந்த பிஸ்டன் வாஷர் எல்லாமே அதைக் கெடுக்கும். அரை கிராம் அளவுள்ள ஈயக் குண்டு, கட்டைவிரலால் லேசாக அழுத்தினால்தான் உள்ளே போக வேண்டும்.

நீளமாக 'ரீங்' என்று இழுத்தால் ஸ்பிரிங்கேதான். ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கும் கைடுக்கும் (தாங்கு தண்டுக்கும்) இடைவெளி அதிகமானால் சுருள்கள் கைடில் அடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் கையால் தள்ளினால் இறுக்கமாக ஏறும்படி டெல்ரினில் (ஒரு கடின பிளாஸ்டிக்) கைடு கடைந்து போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அளவு கொடுத்தால் லேத் பட்டறையிலேயே கடைந்து தருவார்கள். கழற்றிய ஸ்பிரிங்கைக் கண்ணாடிமேல் உருட்டுங்கள். நொண்டினால் வளைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். பிஸ்டன் பக்கவாட்டில் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது) மெல்லிய பூச்சாகப் போதும். சைக்கிள் கடை கிரீஸ் வேண்டவே வேண்டாம். சூட்டில் இளகி அழுத்த அறைக்குள் போய்ப் பற்றிக்கொள்ளும். புகையும் வெடிச் சத்தமும் வரும், வாஷர் கருகும். அதைப் 'பவர் கூடிடுச்சு' என்று கொண்டாடுபவர்களும் உண்டு!

ஸ்பிரிங் உள்ளே எப்போதும் அழுந்தித்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கிளாம்ப் இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் முகத்தில் பாயும். அந்த வேலையை மட்டும் பழகியவரிடம் விடுங்கள்.

ஸ்கோப் மாட்டுபவர்களுக்கு: இந்த ரைஃபிள் முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னால் இழுக்கும். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பும் இதில் உடையலாம். ஏர் ரைஃபிளுக்கென்றே விற்பதை, நகராமல் நிறுத்தும் தடுப்பு முள் உள்ள ஒற்றைத் துண்டு மவுன்ட்டில் மாட்டுங்கள்.

0.177 அளவு, 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக அழகர்கோவில் பக்கத் தோட்டத்தில் மயிலை நோக்கித் தூக்கினால் 1972 வனவிலங்குச் சட்டம் சும்மா விடாது. அட்டைக் குறிக்கு மட்டும்தான் இது.

பழகுவதற்கு வாங்கலாம். கடைக்காரர் குண்டில்லாமல் 'டப்' என்று சுட்டுக் காட்டினால், பிஸ்டன் மெத்தையில்லாமல் முட்டியிருக்கும்; அதை அங்கேயே வைத்துவிட்டுப் பெட்டி பிரிக்காத வேறொன்றைக் கேளுங்கள்.