போலி உத்திரம் செய்யக் கொடுப்பவர்கள் பெட்டியின் உள்ளே பாருங்கள்

சென்ற பங்குனியில், பொள்ளாச்சிக்கு அருகே புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் கூடத்துக்கு மர உத்திரம் போலத் தோன்றும் ஏழு பெட்டி உத்திரங்களையும் (உள்ளே வெற்றிடமானவை), ஜன்னல்களுக்குப் பீடிங் எனும் விளிம்புச் சட்டங்களையும், சுவரடிக்கு ஸ்கர்ட்டிங் எனும் பட்டைப் பலகையையும் கோவையிலிருந்து வந்த ஓர் உள்ளலங்கார ஒப்பந்தக்காரரிடம் செய்யக் கொடுத்தோம். ஆடி முடிவதற்குள் ஓர் உத்திரம் ஒரு முனை கழன்று தொங்கியது. அதற்கு நேர் கீழேதான் என் தாயார் மாலையில் உட்கார்ந்து பூத்தொடுப்பார். அன்று அவர் தோட்டத்தில் இருந்ததால் மட்டுமே, பணத்தைப் பற்றிய பதிவாக இதை எழுத முடிகிறது.

இடித்த பழைய தொட்டிக்கட்டு வீட்டில் ஆனைமலைத் தேக்கு உத்திரங்கள் இருந்தன. அந்தத் தோற்றம் மீண்டும் வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 14 அடி நீளத்தில், 8 அங்குலத்துக்கு 6 அங்குலத் தேக்கு என்றால் ஒவ்வொன்றும் நாலரைக் கன அடிக்கு மேல் வரும்; எடை 80 கிலோவைத் தாண்டும். கான்கிரீட் கூரைத்தளம் இருக்கும் வீட்டில் அத்தனை கனத்தைத் தொங்கவிடத் தேவையில்லை. ஆகவே போலி என்று தெரிந்தேதான் கேட்டோம். நல்ல பிளைவுட்டை 45 பாகையில் சீவி மூன்று பக்கமும் இணைத்து, மேலே தேக்கு வினீர் எனும் மெல்லிய மரச்சீவலை ஒட்டிச் செய்தால் அது நேர்மையான வேலையே.

பேசும்போது ஒப்பந்தக்காரர் "710 பிளைதானுங்க, தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். ஐ.எஸ். 710 என்பது மெரைன் பிளைவுட்டுக்கான தரம், ஐ.எஸ். 303 சாதாரண உபயோகத்துக்கானது, அதிலும் ஈரம் தாங்கும் வகை தனியாக உண்டு. இவற்றையெல்லாம் பின்னர்தான் கற்றேன். அவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் "பிளை வினீர் பீம், அடி ரூ.1,150" என்று மட்டுமே இருந்தது. எந்தத் தரம், எத்தனை மி.மீ. கனம், கூரையில் எப்படிப் பொருத்துவது என்ற எதுவும் இல்லை. அதைப் பார்த்தும் 1,10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன்.

ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசத் தொடங்கியதும், உத்திரங்களின் விளிம்புகள் உப்பி மூலை இணைப்புகள் வாய் பிளந்தன. பருவக்காற்றுக்கு எல்லா மரமும் அப்படித்தான் என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னார். ஒன்று தொங்கிய பிறகு, எங்கள் குடும்பத்துக்கு வெகுகாலமாக மரவேலை செய்யும் ஆசாரியை வரவழைத்து இறக்கினோம். எடை போட்டதில் 28 கிலோ இருந்தது.

குறுக்கே அறுத்ததும் உண்மை தெரிந்தது. உள்ளே பிளைவுட்டின் அடுக்குகளே இல்லை. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைதான் இருந்தது. அதன் அறுத்த விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பினால் மீண்டும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தேக்கு வினீர் என்றதும் மர ரேகை அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். நகத்தால் நெம்பியதும் நீளமாக உரிந்து வந்தது.

அதைவிடக் கொடுமை பொருத்திய விதம். கூரைத்தளத்தில் துளையிட்டு, உத்திரத்தின் நீளத்துக்கும் மரக்கட்டைகளைக் கான்கிரீட்டில் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டால் இறுக்கி, பெட்டியை அவற்றின் மேல் ஏற்றி இரு பக்கமும் திருகாணி போட வேண்டும். இவரோ முனைக்கொரு சிறு துண்டை ஆணியடித்து வைத்துவிட்டு, மீதி நீளத்தைப் பசையால் கூரையில் ஒட்டியிருக்கிறார். பசை பிடித்தது கான்கிரீட்டை அல்ல, அதன் மேல் பூசிய பட்டி எனும் மெல்லிய பூச்சை. பட்டி உரிந்ததும் உத்திரமும் வந்துவிட்டது. "இத்தன நாளு நின்னதே பெரிய விசயமுங்க" என்றார் ஆசாரி.

ஸ்கர்ட்டிங்கும் அதே பலகைதான். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் அதன் அடிப்பக்கம் இரண்டே மாதத்தில் பொரிந்துவிட்டது. பீடிங் மூலைகளின் இடைவெளிகளில் ஒப்பந்தக்காரர் மரத்தூளும் பசையும் அடைத்துச் சாயம் பூசியிருந்தார்.

இத்தகைய வேலை கொடுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கூரையில் ஏற்றிவிட்டால் பெட்டியின் உட்புறத்தை ஒருவரும் பார்க்க முடியாது. ஏற்றும் முன்பே அறுத்த முனையைப் பாருங்கள்; ஒரு துண்டை வாங்கி ஓர் இரவு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். கட்டைகளைக் கூரைத்தளத்தில் இறுக்கும் நாளில் வீட்டில் இருந்து புகைப்படம் எடுங்கள். தரமும் கனமும் பொருத்தும் முறையும் மதிப்பீட்டில் எழுத்தில் வரும்வரை முன்பணம் தராதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர ஒப்பந்தக்காரர் மறுத்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அறுத்த துண்டு, ரசீது, புகைப்படங்கள் ஆகியவற்றோடு எங்கள் மனு தயாராகிவிட்டது. மீதி ஆறு உத்திரங்களையும் இறக்கிவிட்டோம். கூடத்தின் கூரையில் பட்டி உரிந்த ஏழு தடங்கள் வரிசையாகத் தெரிகின்றன.