குறிசுடுதலுக்கு எந்தத் துளையளவு? .22 முதல் .45 வரை ஓர் ஒப்பீடு

பொழுதுபோக்காகக் குறிசுடப் பழகுபவருக்கு எந்தத் துளையளவு, அதாவது குழலின் உள்விட்டம், கொண்ட கைத்துப்பாக்கி ஏற்றது என்ற கேள்விக்கு அமெரிக்கர் தரும் விடையும் திருநெல்வேலிச் சீமையில் இருப்பவர் தரக்கூடிய விடையும் ஒன்றாக இருக்க முடியாது. அங்கே தோட்டாவின் விலையும் கையில் விழும் உதைப்பும் அவரவர் ஆசையும் முடிவு செய்கின்றன. இங்கோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் பாதிப் பட்டியலை முதலிலேயே அடித்துவிடுகின்றன. தடைசெய்யப்பட்ட துளையளவுகளில் 9 மி.மீ. அடங்கும் என்பதால், உலகில் மிகுதியாகச் சுடப்படும் பிஸ்டல் தோட்டா நமக்குப் பேச்சளவில்தான் உண்டு. ஆகவே பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ இருக்கும் ஒருவர் நடைமுறையில் எடைபோட வேண்டியவை 4.5 மி.மீ. காற்றழுத்தப் பிஸ்டல், .22, .32 (இவை அங்குலக் கணக்கு) ஆகிய மூன்றே. இவற்றுள் என் தேர்வு .22 என்பதை இப்போதே சொல்லிவிட்டு, காரணங்களுக்கு வருகிறேன்.

காற்றழுத்தப் பிஸ்டலைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. துளை .177 அங்குலத்தையும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாதவரை உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் நீளக் கூடமும் குண்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டியும் இருந்தால் பயிற்சி நடக்கும். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிநபர் வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான். குண்டு மெதுவாகச் செல்வதால், விசையை அழுத்திய பிறகும் கை அசையாதிருக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை இதைவிடக் கண்டிப்பாகக் கற்பிக்கும் கருவி வேறில்லை. ஆனால் வெடிமருந்தின் ஓசையையும் உதைப்பையும் எதிர்பார்த்து வருபவருக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

.22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் வந்தது. தனியாகப் பற்றவைப்புக் குப்பி இல்லாமல், அடிவிளிம்பிலேயே பற்றவைக்கும் மருந்து பரப்பப்பட்டிருப்பதால் மலிவாகச் செய்ய முடிகிறது. அதே காரணத்தால் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்ப முடிவதில்லை, அவ்வப்போது ஒன்றிரண்டு வெடிக்காமலும் போகின்றன. குண்டின் எடை சுமார் 2.6 கிராம், பிஸ்டல் குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. எடையை வேகத்தால் பெருக்கிப் பார்த்தால், .45இன் முழு எடைக் குண்டு கையில் தரும் தள்ளல் இதைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. சுடுபவரின் கண்ணை மூடவைத்து, மணிக்கட்டை முன்கூட்டியே கீழே இழுக்கவைக்கும் அச்சம் அந்த உதைப்பிலிருந்துதான் பிறக்கிறது. ஒருமுறை உடம்பில் படிந்த அந்தப் பழக்கத்தைப் போக்க மாதங்கள் ஆகும். பெரிய துளையளவில் தொடங்கியவர் தன் பிழை எது, துப்பாக்கியின் துள்ளல் எது என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பார்; .22இல் பிழை முழுவதும் குறி அட்டையில் தெரிந்துவிடும்.

போட்டி உலகமும் இதையே சொல்கிறது. மகளிர் 25 மீட்டர் பிஸ்டலும், 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுச் சுடுதலும் .22க்கு உரியவை. விரைவுச் சுடுதலில் முன்பு இன்னும் மென்மையான .22 ஷார்ட் ஆண்டது. 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்குப் பின் விதி மாறியதும் அது மேடையிலிருந்து இறங்கியது. ஒரேயொரு எச்சரிக்கை: .22இன் ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசப்பட்டிருக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் பெட்டியைத் திறந்தபடி மேசையில் வைத்தால் மெழுகு இளகி மணலும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். 50 மீட்டரில் சுடுபவருக்கு ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றும் கணக்கில் சேரும். 25 மீட்டரில் அது குண்டை விட, நீட்டிய கையைத்தான் அதிகம் ஆட்டும்.

.32 என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேறு தோட்டாக்கள் இருக்கின்றன. பிரௌனிங் வடிவமைத்து 1899இல் வெளிவந்த 7.65 மி.மீ. தோட்டா சட்டைப்பைப் பிஸ்டல்களுக்கானது. அதன் உருண்டை மூக்குக் குண்டு அட்டையைக் கிழித்துக்கொண்டு போவதால் மதிப்பெண் பார்ப்பது எளிதன்று. 1896இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் முற்றிலும் வேறு சங்கதி. அதற்கு 6.5 கிராம் அளவிலான தட்டை முகக் குண்டு பொருத்தினால், காகிதத்தில் அச்சு வைத்து வெட்டியதுபோல வட்டமான துளை விழும். பார்தினி, வால்தர் போன்ற இத்தாலிய, ஜெர்மானிய நிறுவனங்கள் இந்தத் தட்டைக் குண்டுக்கென்றே போட்டிப் பிஸ்டல்களைச் செய்திருக்கின்றன. நம் ஊர்களில் உரிமத்தோடு அலமாரியில் பூட்டிக் கிடக்கும் கான்பூரில் செய்த .32 ரிவால்வரும் இதே லாங் குடும்பத்துத் தோட்டாவையே ஏற்கிறது. ஆனால் மூன்று அங்குலக் குழலும் கனத்த விசையும் கொண்ட அந்த ரிவால்வரில் 25 மீட்டரில் குறிவைத்து ஏமாந்தவர்கள் துளையளவைக் குறை சொல்வது நியாயமாகாது.

தோட்டாவின் அடி நடுவில் பற்றவைப்புக் குப்பி இருக்கும் செண்டர் ஃபயர் என்னும் நடுப்பற்றவைப்புப் போட்டிப் பிரிவில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை அனுமதி உண்டு. 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகளோடு உலகச் சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில். குண்டுத் துளை கூடுதல் புள்ளியுள்ள உள் வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அதற்குரிய புள்ளி கிடைக்கும் என்பதால், பெரிய குண்டே லாபம் என்று தோன்றும். கணக்கோ வேறு. .38 ஸ்பெஷல் என்பதன் குண்டு உண்மையில் சுமார் 9.1 மி.மீ. விட்டமுடையது; .32இன் குண்டு 7.9. ஆரத்தில் வேறுபாடு 0.6 மி.மீ. மட்டுமே. பத்தாம் வளையமே 50 மி.மீ. விட்டமுள்ள 25 மீட்டர் அட்டையில் இந்த ஆதாயம் அற்பமானது. அதற்கு ஈடாகக் கை வாங்கிக்கொள்ளும் கூடுதல் உதைப்பு, மூன்று நொடி மட்டுமே அட்டை திரும்பி நிற்கும் விரைவுச் சுற்றில் அற்பமன்று. நடுப்பற்றவைப்புக்கு .32 லாங்கை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

1902இல் உருவான 9 மி.மீ. லூகர் மலிவும் வேகமும் உடையது. இலக்குகளை ஓடி ஓடிச் சுடும் நடைமுறைப் போட்டிகளுக்கு அது பொருந்தும், நின்று நிதானமாகச் சுடுவதற்கு அதன் சடக்கென்ற உதைப்பு தேவையற்ற சுமை. .45 ஏசிபியின் உதைப்பு பெரிது என்றாலும் தள்ளுவது போல மெதுவாக வருவதால், அமெரிக்க வட்டக்குறிப் போட்டிகளில் 12 கிராம் அளவிலான இலகுக் குண்டோடு அதைப் பலர் விரும்பிச் சுடுகிறார்கள். அந்த விருப்பத்தில் அவர்களுடைய ராணுவ மரபுக்கும் பங்கு உண்டு. நமக்கு அந்தப் பற்று ஏன்?

உரிமத்துக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்ற வரம்பு உரிமத்திலேயே எழுதப்படும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கையில் கிடைக்கும் தோட்டாக்கள் எண்ணிக்கைக்குள் அடங்கியவை என்னும்போது, சுடும் பிரிவையும் துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர் தகுதியையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே விண்ணப்பத்தில் துளையளவை நிரப்புவது நல்லது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொது உரிமதாரருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான்; ஓர் இடத்தை உதவாத 7.65க்குக் கொடுத்துவிட்டால், மீதி இடத்தில் .22ஐயும் .32 லாங்கையும் ஒருசேர வைக்க முடியாது.