முதல் ஸ்ட்ரைப்பருக்குக் கரையா, படகா?

நியூஜெர்சியில் ஸ்ட்ரைப்ட் பாஸ் (சுருக்கமாக ஸ்ட்ரைப்பர்) என்கிற மீனைப் பிடிக்க முதன்முதலாகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மணலில் நின்று வீசலாம். ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துப் பார்ட்டி போட்டில் ஏறலாம். நாலைந்து பேர் சேர்ந்து சின்னப் படகு ஒன்றை முழுதாகச் சார்ட்டர் எடுக்கலாம். நான் முதலில் போனது பார்ட்டி போட்டில். யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். நம் ஊர்க் கொடுவா முட்டையிட முகத்துவாரம் தாண்டிக் கடல் பக்கம் இறங்கும். ஸ்ட்ரைப்பர் நேர்மாறு: கடலிலிருந்து ஹட்சன், டெலவேர், செசபீக் பக்கத்து ஆறுகளுக்குள் ஏறி முட்டையிடும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஹட்சனுக்குப் பக்கத்திலுள்ள ராரிட்டன் விரிகுடாவில் பெரிய மீன்கள் கூடும். பங்கர் என்கிற எண்ணெய்ச் சத்துள்ள மத்தி மாதிரி மீன்தான் அவற்றுக்கு விருந்து. இரண்டாவது பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை. அப்போது மீன்கள் தெற்கே திரும்பும் வழியில் கரையை ஒட்டியே வரும். வசந்தத்தில் படகு, இலையுதிர் காலத்தில் மணல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். பார்ட்டி போட்டுக்கு அரை நாளுக்கு ஆளுக்கு ஏறக்குறைய நூறு டாலர். தூண்டில் ராடு வாடகைக்குக் கிடைக்கும், இரையை அவர்களே தருவார்கள். சார்ட்டரில் வழக்கமாக ஆறு பேர் வரை ஏறலாம். மொத்தம் ஆயிரம் டாலரை ஒட்டி வரும், படகைப் பொறுத்து மேலேயும் போகும். கடற்கரை இலவசம் என்று தோன்றும். ஆனால் ஒன்பது, பத்தடி ராடு, 5000 அளவு ரீல், 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு தூண்டில் நரம்பு, வேடர்ஸ் என்கிற நீர்புகாக் கால்சட்டை, அதன்மேல் இறுக்கிக் கட்ட பெல்ட் என்று வாங்கி முடிப்பதற்குள் பார்ட்டி போட்டில் மூன்று நான்கு முறை போகும் காசு கரைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ரீலைத் தின்றுவிடும். கரையில் நிற்பவர் மாநிலத்தின் உப்புநீர்ப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. பார்ட்டி போட்டிலோ சார்ட்டரிலோ ஏறுகிறவருக்கு அதுவும் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் படகின் பக்கம் சாய்த்த காரணம் ஒன்று உண்டு: இந்த மீனைப் பெரும்பாலும் திரும்பக் கடலில் விட வேண்டியிருக்கும். அட்லாண்டிக் கரை மாநிலங்களின் மீன்வள ஆணையம் 2023 மே மாதம் அவசர விதியாகக் கொண்டுவந்து 2024இல் நிலைப்படுத்திய கணக்குப்படி, கடலில் ஒருவருக்கு நாளைக்கு ஒரு மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள். நியூஜெர்சி தரும் போனஸ் அனுமதி தனி. 28 அங்குல மீன் சுமார் நான்கு கிலோ இருக்கும். வசந்தத்தில் ராரிட்டனுக்கு வருகிறவற்றில் பல அதைவிடப் பெரியவை, முட்டையிடப் போகும் பெண் மீன்கள். நாள் எவ்வளவு நன்றாக அமைகிறதோ அவ்வளவு மீனைத் திரும்ப விட வேண்டி வரும். விட்டதில் நூற்றுக்கு 9 பிறகு செத்துப்போவதாக ஆணையம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒன்பது குறைவதும் கூடுவதும் நம் கையில்தான் நிறைய இருக்கிறது.

அந்தக் கைப்பழக்கத்தைப் மேட் என்கிற படகு உதவியாளர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். இரை போட்டுப் பிடிக்கும்போது 2021 முதல் சர்க்கிள் ஹூக் என்கிற, முனை உள்நோக்கி வளைந்த தூண்டில் முள் கட்டாயம். மீன் இழுத்ததும் ராடை வெடுக்கென்று தூக்கக் கூடாது. நரம்பு இறுகும் வரை மெல்லச் சுற்றினால் முள் வாயோரத்தில் தானாக மாட்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். ஸ்ட்ரைப்பரின் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகத்தான் இருக்கும். கீழ் உதட்டைக் கட்டை விரலால் பிடித்து, மற்றக் கையால் வயிற்றைத் தாங்கிக் கிடையாகத் தூக்கலாம். மே மாதத்தில் ப்ளூஃபிஷும் கூடவே வரும். அதன் வாயில் விரல் வைத்தால் சதை போய்விடும், அதனால் எந்த மீன் என்று பார்த்துவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும்.

மணலில் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். இருட்டு, அலை, கையில் நீண்ட ராடு. புதியவர் மீனைக் கரைக்கு இழுத்து மணலில் புரட்டித்தான் முள்ளைக் கழற்றுவார், செவுளுக்குள் மணல் போகும். பழகியவர்கள் அலை ஈரத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அது சீக்கிரம் வருகிற வித்தை இல்லை.

பார்ட்டி போட்டில் குறை இல்லாமல் இல்லை. முப்பது, நாற்பது பேர் தோளோடு தோள் நிற்கும்போது நரம்புகள் சிக்கும். மேல்தளம் உயரம் என்பதால் மீனைத் தண்ணீரில் பிடித்துத் தெளியவைத்து விட முடியாது, தலைகீழாகச் செங்குத்தாக விட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விளிம்பு தாழ்ந்த சார்ட்டர் படகுதான் மேல். சார்ட்டரில் நான் போனதில்லை, நண்பர்கள் சொல்லக் கேட்டதுதான். ஆறு பேர் சரியாகச் சேர்ந்து பணமும் தடையில்லை என்றால் அதுவே முதலிடத்துக்கு வரலாம்.

கடற்கரையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. சாண்டி ஹூக்கிலோ ஐலண்ட் பீச் பூங்காவிலோ நவம்பர் விடியலில் நிற்பதற்கு ஈடு படகில் கிடையாது. நீர் வற்றியிருக்கும்போது ஒருமுறை போய் மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் ஓடுகிறது என்று பார்த்து வைத்தால், ஏற்றத்தில் மீன் எந்த வழியாக வரும் என்பது பிடிபடும். மீனைக் கையாளத் தெரிந்த பிறகு போனால் அந்தக் காலை முழுதாக நமக்கு.

படகு என்றதும் ஆழ்கடலை நினைத்துப் பயப்பட வேண்டாம். கரையிலிருந்து 3 மைலுக்கு அப்பால் ஸ்ட்ரைப்பர் பிடிப்பதற்கே 1990 முதல் தடை இருக்கிறது; ராரிட்டன் மூன்று பக்கம் நிலம் சூழ்ந்த விரிகுடா. குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ் படகுத்துறையில் வார நாளாகப் பார்த்து முன்பதிவு செய்து, அரை மணி நேரம் முன்னால் போனால் பின்பக்க மூலையில் இடம் கிடைக்கும், சிக்கல் குறையும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் கிளம்பும் வாரத்தில் மாநில மீன்வளத் துறையின் தளத்தை ஒருமுறை பார்க்கவும். அளவுக்குள் ஒன்று கிடைத்தால் மேட் சுத்தம் செய்து தருவார். டிப்ஸ் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வைப்பது முறை. இந்த நீரில் பிசிபி என்கிற தொழிற்சாலை இரசாயன மாசு உண்டு என்பதால் தோலையும் கொழுப்பையும் பழுப்புச் சதையையும் நீக்கிவிட்டுச் சமைக்கவும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் மாநிலத்தின் உண்ணும் அளவு அறிவுரையைப் பார்த்த பிறகே குழம்பு வைக்க வேண்டும்.