நெர்வஸா, ஷேக்கியா, ட்ரெமுலஸா?

ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்க்கும்போது அகராதி என்னை அடிக்கடி கைவிடும் இடம் இது. நெர்வஸ், ஜிட்டரி, ஜம்பி, ஷேக்கி, ட்ரெமுலஸ் என எதைத் தேடினாலும் ‘பதற்றமான’, ‘நடுங்குகிற’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறது. அந்த இரண்டை நம்பினால் காட்சியே மாறிப்போகும்.

நெர்வஸ் என்பது வரப்போவதை நினைத்து எழும் படபடப்பு. நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருப்பவர் நெர்வஸ். அவர் கை நடுங்க வேண்டும் என்பதில்லை. பழைய நூல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. இச்சொல்லின் மூலமான லத்தீன் ‘நெர்வுஸ்’ என்றால் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார்; அதிலிருந்து வலிமை என்ற பொருளும் வந்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, நெர்வஸுக்கு ‘வலிமையான’ என்ற பொருளையும் தருகிறது. அக்கால விமர்சகர், ஓர் எழுத்தாளரின் நடையை நெர்வஸ் என்றால் அது பாராட்டு!

ஜிட்டரி ஆசாமியின் உடம்பு ஓரிடத்தில் நிற்காது. கால் ஆடும், விரல் மேசையைத் தட்டும். அதற்கு அச்சம்கூட வேண்டாம், நாலு கோப்பை காபி போதும். ஜம்பி என்றால் கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப்போடும்.

ஷேக்கி உயிரில்லாதவற்றுக்கும் பொருந்தும்: ஆடும் ஏணி, வலுவில்லாத வாதம், பலவீனமான சாட்சியம். ஏணியை நெர்வஸ் என்று சொல்ல முடியாது. மனிதருக்கு வரும்போது, பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பின் வரும் உதறல் இது. விபத்தில் தப்பி, சாலையோரம் உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க முடியாமல் தவிப்பவர் ஷேக்கி.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரெமுலஸ். எழுத்தில்தான் இதற்கு வாழ்வு; மருத்துவக் குறிப்புகளை விட்டால், ஆளைவிடக் குரல், உதடு, புன்னகை ஆகியவற்றோடுதான் அதிகம் வரும். இதில் பயம் கட்டாயமில்லை என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். நெடுநாள் கழித்து மகனைக் கண்ட ஒரு தாயின் ட்ரெமுலஸ் புன்னகையை ‘அஞ்சிய புன்னகை’ என்று எழுதிவிட்டேன். அச்சான பிறகு படித்தபோது, மகனைப் பார்த்தே அவள் பயப்படுவது போலிருந்தது. ‘உதடு துடிக்கச் சிரித்தாள்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

குரலுக்கும் அப்படியே. ஷேக்கியான குரலில் உறுதி குலைந்திருக்கிறது. அதற்கு ‘நடுங்கும் குரல்’ சரி. ட்ரெமுலஸ் குரலில் உணர்ச்சி தளும்புகிறது. அதற்கு நம்மிடம் ‘தழுதழுத்த குரல்’ இருக்கிறது.