தில்லை நகர் மாடி வீட்டு ரெய்கி: 800 ரூபாய்க்குத் தகுமா?

ரெய்கி என்றால் உடம்பில் கை வைத்து சக்தி கொடுப்பதாகச் சொல்கிற ஜப்பானிய முறை. முதலில் காசுக் கணக்கு. ஒரு தடவைக்கு 800 ரூபாய், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்து செய்ய 1,200. ஜிபேயில் வாங்கிக்கொள்கிறார்கள், ரசீது கிடையாது. மெடிக்கல் இன்ஷூரன்ஸில் இதைக் கேட்க முடியாது, கேட்டும் பார்க்காதீர்கள். இடம் திருச்சி தில்லை நகரில் ஒரு வீட்டின் மாடி. லிஃப்ட் இல்லை. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மாடி ஏறுவதே பெரிய வேலை. படி திரும்புகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சப் படிகளை ஏறுவேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, வாராவாரம் பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே போக ஆரம்பித்தேன். அந்த மருந்துக்கு அலர்ஜி வராமல் இருக்க முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் போடுவார்கள். அது ஸ்டீராய்டு. அன்று ராத்திரி தூக்கம் வராது. விடியற்காலை மூன்று மணிக்கு நான் மளிகை டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பேன். மூட்டு வலிக்காக அங்கே போய்வந்த என் நாத்தனார்தான், “வந்து சும்மா படுங்க அண்ணி, ஒரு மணி நேரமாவது கண்ணை மூடலாம்” என்று இழுத்துக்கொண்டு போனார். டாக்டரிடம் கேட்டதற்கு, “கை வைப்பதோடு நிற்கணும். லேகியம், கஷாயம்னு உள்ளே எதுவும் போகக் கூடாது. கீமோ தேதியைத் தள்ளக் கூடாது” என்றார். சரி என்று போனேன்.

அறை சின்னது. சுவரில் ரெய்கியைத் தொடங்கிய மிக்காவோ உசுயியின் கறுப்பு வெள்ளைப் படம், பக்கத்தில் பிள்ளையார், அதற்குக் கீழே வேளாங்கண்ணி மாதா. உசுயி 1922இல் கியோட்டோவுக்கு அருகே குராமா மலையில் 21 நாள் நோன்பிருந்து இந்தச் சக்தியைப் பெற்றார் என்பது அங்கே ரெய்கி செய்கிற மேடம் சொன்ன கதை. இதை ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோன ஹவாயோ தகாத்தா அம்மையார் ரெய்கி கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஆவதற்கான பயிற்சிக்கு 10,000 டாலர் வாங்கினார் என்பது என் மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய கதை. இரண்டையும் கேட்டுக்கொண்டேன்.

அந்த மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும், முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். உள்ளே விடுவதற்கு முன் ஒரு தாளை வைத்துக்கொண்டு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் ஆபரேஷன், கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் எங்கே இருக்கிறது, வெள்ளை அணுக்கள் கடைசியாக எவ்வளவு என்றுகூடக் கேட்டார். மாஸ்க் போட்டு, கையைச் சுத்தம் செய்துகொண்டுதான் தொடுவார். ஒருமுறை அவருக்குச் சளி பிடித்திருந்தது. காலையிலேயே போன் செய்து, “இன்னைக்கு வேண்டாம்க்கா” என்று சொல்லிவிட்டார்.

உடுத்திய துணியோடு படுத்தால் போதும். கண், நெற்றிப்பொட்டு, பின்தலை, தொண்டை, வயிறு, முட்டி, பாதம் என்று ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் கையை வைத்திருப்பார். அழுத்துவது, நீவுவது எல்லாம் இல்லை. நெஞ்சுக்கு வந்தால் ஒரு சாண் உயரத்தில் கையை நிறுத்திக்கொள்வார், தொட மாட்டார். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கைக்கு அடியில் தலையணை வைப்பார். சூடு தெரிகிறதா என்று கேட்பார். தெரிந்தது. யார் கையை ஐந்து நிமிடம் வைத்திருந்தாலும் சூடு தெரியும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். அதன் பிறகு குறட்டை என்று நாத்தனார் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் என்றால் அம்மா நத்தர்வலி தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போவார். பெரியவர் ஒருவர் தலையில் கை வைத்து ஓதி ஊதுவார். திரும்பி வரும்போது அம்மா தோளிலேயே தூங்கிவிடுவோம். மறுநாள் மாத்திரையும் உண்டு. அம்மாவுக்கு இரண்டுக்கும் நடுவில் சண்டை இருந்ததே இல்லை.

மகளுக்கு இதெல்லாம் பிடிக்காது. 2011இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை அனுப்பினாள். கீமோ ஏற்றிக்கொள்ள வந்த 189 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிஜ ரெய்கி. இன்னொரு பிரிவுக்கு அதே மாதிரி கை வைக்கும் போலி ரெய்கி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நிஜம், போலி இரண்டிலுமே உடம்பும் மனசும் இதமானதாகச் சொன்னார்கள், வழக்கமான கவனிப்பில் மட்டும் இருந்தவர்களிடம் அது இல்லை. ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். மகள் இதை ரெய்கிக்கு எதிரான சாட்சியாக அனுப்பினாள். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள். யாராவது தொட்டால் ஊசி குத்தத்தான் தொடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒரு ஆள் எனக்காக மட்டும் அவசரமில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு 800 ரூபாய் கொடுக்கிறேன், சக்திக்கு இல்லை.

மற்றபடி எதுவும் மாறவில்லை. விரல் நுனி மரத்துப்போனது அப்படியே இருந்தது, ரவிக்கை ஹூக் போட யாராவது வர வேண்டும். வெள்ளை அணுக்கள் இறங்கும்போது ஊசி போட்டுத்தான் ஏற்றினார்கள். தூக்கம் மட்டும் கிடைத்தது. டெக்ஸா ராத்திரிக்கு மறுநாள் சாயங்காலம் அங்கே போய்ப் படுத்தால் அன்றிரவும் கொஞ்சம் கண் அசரும்.

ஒரு நாள் தலையில் கை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். “அக்கா, உடம்பு சுடுதே” என்று தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். 101. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அசதி என்று நினைத்திருந்தேன். கீமோ சமயத்தில் 100.4க்கு மேல் போனால் ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரே ஆட்டோ பிடித்து, நாத்தனாருக்குப் போன் போட்டு அனுப்பிவைத்தார். அட்மிஷன் போட்டு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அன்றைக்குக் காசு வாங்கவில்லை. நான் இந்த இடத்தைப் பரிந்துரைப்பதற்கு இது ஒன்றே போதும்.

ஏனென்றால் அதற்கு முன் நான் எட்டிப்பார்த்த வேறொரு இடத்தில், காய்ச்சல் வந்தால் பயப்படக் கூடாது, உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது என்று அர்த்தம் என்று சொன்னார்கள். வாசல் போர்டில் கேன்சர், சர்க்கரை எல்லாம் குணமாகும் என்று எழுதியிருந்தது. மந்திரம் மாயத்தால் கேன்சர் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954லேயே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, போர்டு எழுதியவருக்கு அது கவலையாக இல்லை. பேக்கேஜாக முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஸ்கேனில் கதிர்வீச்சு இருக்கிறதாம், ஒன்றைத் தவிர்க்கலாமாம். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆயுர்வேதம், சித்தா மாதிரி அரசு அங்கீகரித்த ஆயுஷ் பட்டியலில் ரெய்கி கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய்வந்து போர்டு மாட்டலாம். உள்ளே இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

தில்லை நகரிலும் குறை இல்லாமல் இல்லை. ஊதுபத்தி ஏற்றுவார்கள். கீமோ குமட்டலில் சந்தன வாசனை என்னைப் படுத்தி எடுத்தது. சொன்னதும் அணைத்துவிட்டார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. புல்லாங்குழல் இசையை யூடியூபில் போட்டுவிடுவார். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது துணிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரம் அலறும். மாதாமாதம் கொஞ்சம் காசு கட்டினால் விளம்பரம் வராதே மேடம் என்றேன். சிரித்தார், கட்டவில்லை. தூரத்திலிருந்தே அனுப்பும் ரெய்கி என்று ஒன்று, 500 ரூபாய். வீட்டில் படுத்திருந்தால் அவர் அங்கிருந்து அனுப்புவாராம். ஒருமுறை செய்துபார்த்தேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான். அதற்கு நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

என் மதிப்பெண் 5க்கு 3.5. ரசீது கொடுத்து, விளம்பரம் வராத பாட்டு போட்டால் 4 தருவேன். போகிறவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார். செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் அதிகம். புதன் மத்தியானம் காலியாக இருக்கும், ஸ்டூலும் காலியாக இருக்கும்.