வாவிக்கரைப் பலகைத் தளத்துக்கு எந்தப் போல்ட்?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவின் பின்பக்கம் வாவி. முன்பக்கம் சிறிது தூரம் நடந்தால் கடல். மாலையில் வாவியைப் பார்த்தபடி அமர ஒரு பலகைத் தளம் போட்டோம். முதிரை மரத்துக்காக ஒரு மாதம் அலைந்த நான், அதைப் பூட்டும் போல்ட்டுகளை அரை மணி நேரத்தில் வாங்கினேன். மூன்றாம் மாரியில் அத்தனையையும் கழற்ற வேண்டியதாயிற்று.

ஆணியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மரம் நனைந்து காய்ந்து நனைய, ஆணி மெல்ல மேலெழும்பும். தளத்தைத் தாங்கும் தீராந்தியைச் சுவரோடு சேர்க்கும் இடத்தில் அதை நம்பக்கூடாது. ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணி அதைவிட மோசம். வளையாது, படாரென்று முறியும். மிச்சம் மூன்று: மின்முலாம் பூசிய பளபளப்பான போல்ட், உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த கல்வனைஸ் போல்ட், துருப்பிடிக்காத உருக்கு.

நான் முதலில் ஏமாந்தது பளபளப்பில். அந்த முலாத்தின் தடிப்பு பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோன்தான்; ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தோய்த்தெடுத்ததில் 50 மைக்ரோன் அளவில் இருக்கும்; சாம்பல் நிறம், சொரசொரப்பு, பார்வைக்கு அழகில்லை. இதை வாங்கினால் அதற்கென்றே புரி அகலமாக வெட்டிய நட்டையும் சேர்த்து வாங்குங்கள். சாதாரண நட்டு ஏறாது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது தளத்தின் அடிப்பக்கம். மேற்பலகையில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. அடியில் மழை படாது. காற்றோடு வந்த உப்பு போல்ட்டின் தலையிலும் வாஷரின் விளிம்பிலும் குந்தியிருந்து, இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெயிலும் அங்கே எட்டாது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் துளைக்குள் வீங்கி மரத்தையும் பிளக்கும். எங்கள் தீராந்தி ஒன்றில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பலகை போட்ட பின் அந்த இடத்துக்குப் போக வயிற்றில் ஊர்ந்துதான் போக வேண்டும். வருடாவருடம் வண்ணம் பூசிப் பராமரிக்கலாம் என்பதெல்லாம் வீண் பேச்சு. கைக்கு எட்டாத இடத்தில் பராமரிப்பே கேட்காத பொருளைத்தான் வைக்க வேண்டும். ஆகவே இரண்டாம் முறை துருப்பிடிக்காத உருக்குக்குப் போனேன்.

அதிலும் இரண்டு வகை உண்டு. 304 சமையலறைக்குப் போதும். கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விழும். 316 இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பைத் தாங்கும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. போல்ட்டின் தலையைப் பாருங்கள்: ‘ஏ2’ (A2) என்று பொறித்திருந்தால் 304 வகை, ‘ஏ4’ (A4) என்றால் 316 வகை. கடைக்காரர் எடுத்துத் தந்த முதற்பெட்டி ஏ2 தான். ஏ4 கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். விலை வலித்தது, மறைக்கவில்லை.

எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். வவுணதீவுப் பக்கம், கடலிலிருந்து உள்ளே தள்ளி வீடு என்றால் தோய்த்தெடுத்த கல்வனைஸையே வாங்குவேன். என் 316 போல்ட்டுகளும் இதுவரை இரண்டு மாரிதான் கண்டிருக்கின்றன. மருந்தேற்றிய பைன் மரத்தில் நான் வேலை செய்ததில்லை. செம்பு கலந்த மருந்து துத்தநாகத்தை விரைவாக அரிக்கும் என்பதால் அங்கும் என் கை துருப்பிடிக்காத உருக்குப் பக்கமே போகும்.

துத்தநாக முலாம் பூசிய பழைய வாஷர்களை எறிய மனமில்லாமல் புதிய போல்ட்டுகளில் சிலவற்றுக்கு மாட்டியது என் கஞ்சத்தனம். இரு உலோகமும் உப்பீரத்தில் சேர்ந்தால் துத்தநாகமே முதலில் கரையும். சில மாதங்களில் அவை உதிர்ந்தன. இன்னொன்று, துருப்பிடிக்காத உருக்கு நட்டை உலர்வாக வேகமாக முறுக்கினால் புரியோடு ஒட்டிச் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் கிறீஸ் தடவச் சொல்லி ஓடாவியார் முதலிலேயே சொன்னார். நான் கேட்கவில்லை. சிக்கிய ஒரேயொரு போல்ட்டை அறுத்தெடுக்க அவருக்கு ஒரு முற்பகல் போயிற்று. அந்த நாட்கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.